நைலான் பல்சக்கரம்

கால் இடிக்கிறதா? மன்னிக்க வேண்டும், இந்தச் சாக்கை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். மேலே வைக்கும்படி கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். பல்லடத்தில் ஒரு பிரேக் போட்டால் இது யார் தலையில் இறங்கும் என்று அவருக்கு என்ன தெரியும். வார்ப்பிரும்பு. பல்சக்கரம். லேத்தில் இருப்பது.

தாராபுரம் போகிறேன். மச்சான் வீட்டுக்கு. மனைவியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மனைவியை அழைக்கப் போகிறவன் பூ வாங்கிப் போவான், பழம் வாங்கிப் போவான், இவன் பல்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறானே என்று பார்க்கிறீர்கள். பார்க்கலாம், தப்பில்லை. கையில் சுற்றியிருக்கும் துணிக்கட்டை மட்டும் பார்க்காதீர்கள். அது வேறு விஷயம்.

ஆவாரம்பாளையத்தில் இரும்பு கடைகிற லேத் வைத்திருக்கிறேன். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறைதான் பட்டறை. நடுவில் ஒரு கதவு, அந்தப் பக்கம் சமையலறை. எங்கள் வீதியே அப்படித்தான். முன்னால் லேத், பின்னால் குடும்பம். ஒரு டஜன் பேர் இருப்போம். எல்லோருக்கும் சேர்த்து எத்தனை விரல் இருக்க வேண்டுமோ அத்தனை இல்லை. எதிர்வீட்டுக் குழந்தைவேலு வணக்கம் சொன்னால் எட்டு விரலால்தான் சொல்வார். எங்கள் வீதியில் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் கையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் பத்தும் பத்தாக இருந்தது. கவனம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. எனக்கு இயல்பிலேயே கவனம் அதிகம்.

என்னுடையது ஆறடி லேத். பழையது. நான் வாங்கும்போதே அது இன்னொருவர் வாங்கி விற்றது. இடது பக்கம் ஒரு மூடி இருக்கும், அதற்குள் மூன்று பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். நடுச்சக்கரம் தேய்ந்துபோய்விட்டது. அதுதான் இது, சாக்கில் இருப்பது. இது போடுகிற சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? லாரி நிறையப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மலையில் இறக்கினால் எப்படி இருக்கும், அது மாதிரி. சுவரில் மாட்டியிருக்கும் சாமி படங்கள் மெல்ல மெல்லக் கோணலாகும். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அவற்றை நேராக்குவாள்.

வசந்தாமணி. மனைவியின் பெயர்.

அந்தச் சத்தத்தில்தான் குடும்பம் நடந்தது. சத்தத்தை வைத்தே அவளுக்கு எல்லாம் தெரியும். கரடாக ஓடினால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன் என்று தெரியும். மெல்லியதாக ஓடினால் முடிக்கப் போகிறேன், டீ போடலாம் என்று தெரியும். லேத் ஓடத் தொடங்கியதும் கதவுக்கு வருவாள். ஏதோ சொல்வாள். சின்னதாகத்தான், ஒரு வார்த்தை இருக்கும். நான் தலையாட்டுவேன். போய்விடுவாள். ஒவ்வொரு நாளும், லேத்தை நிறுத்தித் திரும்பப் போடும்போதெல்லாம் வருவாள். அவள் வந்துவிட்டுப் போனதும் எனக்கு என்னவோ சட்டைக் கையை மடித்துவிட வேண்டும் போல இருக்கும். மடித்துவிட்டுக்கொள்வேன். வேலைக்காரனுக்கு இப்படிப் பழக்கங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இடையிலும் வந்து பேசுவாள். நீளமாகப் பேசுவாள். நான் வேலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். பேச்சு முடிந்தது என்பது அவள் முந்தானையை இழுத்துச் செருகுவதில் தெரியும். அப்போது ஒரு தடவை நன்றாக ஆட்டிவிடுவேன்.

எங்கள் சொந்தக்காரப் பெண்கள் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் பீற்றிக்கொள்ளவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் வசந்தாமணி சொல்வாளாம், எங்க ஊட்டுக்காரரு நான் கேட்டதுக்கு ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்லை என்று. அதைக் கேட்டு எத்தனையோ பேர் என் மேல் கோபமாக இருந்திருக்கிறார்கள். ஆண்கள்.

சரி. சக்கரத்துக்கு வருகிறேன்.

ஸ்பின்னிங் மில்லுக்கு ஒரு ரோலர் செய்து கொடுத்தேன். மில் இன்ஜினியர் நகத்தால் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னங்க, அலை அடிக்குதே என்றார். எனக்கும் தெரியும். நடுச்சக்கரம் உதறுகிற உதறல் அப்படியே வேலையில் போய் ரேகையாக விழுகிறது. ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இதற்கு நானே ஒரு சக்கரம் செய்வது என்று. இரும்பில் இல்லை. நைலானில். நைலான் உதறாது, கத்தாது, எண்ணெய் கேட்காது.

பல் வெட்டுவதற்குத் தனி மிஷின் உண்டு. என்னிடம் கிடையாது. அதனால் என்ன செய்தேன், கேளுங்கள். நைலான் வட்டத்தை லேத்தின் முன்பக்கம் மாட்டினேன். பழைய சக்கரத்தை அதே தண்டின் பின்பக்கம் மாட்டினேன். மோட்டார் போடவில்லை. பின்னால் ஒரு பல் நகர்த்தி முளை வைத்துப் பூட்டுவது, முன்னால் கத்தியைக் கையால் தள்ளி நைலானில் ஒரு பள்ளம் எடுப்பது. மறுபடி ஒரு பல், மறுபடி ஒரு பள்ளம். புரிகிறதா? லேத் தனக்குப் போடப் போகிற பல்லைத் தானே செதுக்கிக்கொண்டது. உலகத்தில் எந்தப் பொக்கைவாய்க் கிழவனும் இதைச் செய்ததில்லை. பழைய சக்கரம் பின்னால் நின்று பல்லுக்குப் பல் காட்டிக் கொடுத்தது, தன்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று தெரியாமல்.

பிறகு அதை வேகவைக்க வேண்டும். சிரிக்காதீர்கள், உண்மை. நைலானைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால்தான் வெடிக்காது. வீட்டில் அந்த அகலத்துக்கு இட்லிப் பானைதான் இருந்தது. வசந்தாமணியிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கக் கொதிக்கணும் அம்மிணி என்றேன். அவள் பானையைத் தேய்த்துக் கொடுத்தாள். நடுவில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினாள். வெந்துவிட்டதா என்று கரண்டியால் தட்டிக்கூடப் பார்த்தாள். அடுத்த வாரம் இட்லியில் லேசாக ஒரு வாசனை வந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். லைட் எரிகிறது. குனிந்து பார்த்தால் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் என்ன சொல்வேன். பெல்ட்டின் இணைப்புக் கிளிப்பையும் எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டிருந்தேன், அந்த டக் டக்கும் இல்லை. கத்தி இரும்பில் படும்போது உஸ் என்று ஒன்று, அவ்வளவுதான். என் மூச்சு எனக்குக் கேட்டது. அதற்கு முன்னால் நான் மூச்சு விடுகிற சத்தத்தை அந்த அறையில் கேட்டதில்லை.

வீதியே வந்து பார்த்தது. குழந்தைவேலு மூடியைத் திறக்கச் சொல்லி, நைலானை எட்டு விரலாலும் தடவிப் பார்த்தார். ஏப்பா, இது ஓடுதா தூங்குதா என்றார். பட்டறை மூடிக் கிடக்கிறது என்று நினைத்து இரண்டு பார்ட்டி திரும்பிப் போய்விட்டார்கள். ரோலரை மறுபடி செய்து கொடுத்தேன், இன்ஜினியர் அதில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

வசந்தாமணிக்கு மட்டும் பிடிபடவில்லை. மத்தியானம் கதவைத் திறந்து, இன்னைக்கு வேலையில்லீங்களா என்று கேட்டாள். நான் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சுற்றுகிற இரும்பைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள் போல நின்றுவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு லேத் தொடங்கும்போது அவள் வருவதே நின்றது. எப்படி வருவாள்? தொடங்குவது சமையலறைக்குத் தெரிந்தால்தானே. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வேலை நடுவில் தலையைத் திருப்ப வேண்டியதில்லை.

என்ன கேட்டீர்கள்? இந்த பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை. பரவாயில்லை, தலையாட்டிவிட்டேன்.

ஆனால் இடையில் வந்து பேசுவது நிற்கவில்லை. அதுவும் பழைய குரலில். சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் சட்டென்று இறங்குமா? முதல் தடவை அவள் வாயைத் திறந்ததும் நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். வீதியில் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். வீமனுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போகணுமுங்க என்றாள்.

வீமன் யார் என்று கேட்டேன்.

நம்ம நாய் என்றாள்.

எங்களுக்கு நாய் இருக்கிறது. வாசலில் ஒன்று படுத்திருக்கும், தெரு நாய் என்று நினைத்து ஆறு வருடமாக விரட்டிக்கொண்டிருந்தேன். அது எங்கள் நாய். வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள், நான் தலையாட்டியிருக்கிறேன். எத்தனை விரட்டினாலும் அது போகாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு வருடம் நான் வீதி நலச் சங்கத்துக்குத் துணைத் தலைவராக இருந்திருக்கிறேன். பார்க்கிறவர்களெல்லாம் சாக்கடையைப் பற்றி என்னிடம் முறையிட்டது அதனால்தான். பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் போடவில்லை. என் கண்ணைத் தானம் செய்துவிட்டேன். இதோ, உங்களைப் பார்க்கிற இந்தக் கண் என்னுடையது இல்லை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகளுக்கு என் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அவளுக்குத் தர்ஷிணி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று நான் பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். வைத்தது நான்தானாம்.

நான் கோபப்படவில்லை. நைலான் சக்கரத்தின் அருமையைத்தான் நினைத்தேன். ஒரு சக்கரத்தை மாற்றியதும் இத்தனை விஷயம் தெரியவருகிறது பாருங்கள்.

ஒரு நாள் வந்து கேட்டாள், நாளைக்குத் தாராபுரம் போயிட்டு வரட்டுங்களா என்று.

நான் கேட்டேன், எதுக்கு?

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ கேட்டது மாதிரி. பின்னால் அடுப்புதான் இருந்தது. மறுபடி என்னைப் பார்த்தாள். "மாசா மாசம் போறதுதானுங்க. எங்கண்ணனைப் பாக்க. நீங்கதான் போன்னு தலையாட்டுவீங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம் என்று மச்சான் சொல்கிறார். ஏன் சும்மா இருக்க வேண்டும்? எனக்கு அது பெருமையான விஷயம். உட்கார வைத்து விளக்கினேன். அம்மிணி, பழைய சக்கரம் ஓடுறப்ப நீ பேசறது ஒண்ணுமே கேக்காது, நான் சும்மா ஆட்டி வைப்பேன், இப்பத்தான் எல்லாம் தெளிவா விழுது என்றேன்.

"ஒண்ணுமேவா கேக்கலை?"

"ஒண்ணும் கேக்கலை. ஒரு எழுத்துக்கூடக் கேக்கலை. இப்பப் பாரு, ஊசி விழுந்தாக் கேக்கும். போயி ஒரு ஊசி எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல பெண், சொன்னால் செய்வாள். லேத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஊசியை மேலே தூக்கிப் பிடித்துத் தரையில் போட்டேன். கேட்டது. டிங் என்று கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டுச்சா என்றேன். கேட்டுச்சுங்க என்றாள். குனிந்து ஊசியைத் தேடி எடுத்தாள். பிறகு எழுந்து போய்ச் சாமி படங்களைப் பார்த்தாள். எல்லாம் நேராகத்தான் இருந்தன. சக்கரம் மாற்றியதிலிருந்து அவை நகரவே இல்லை.

மறுநாள் காலையில் தாராபுரம் போனாள். எப்போதும் சாயங்காலம் திரும்பிவிடுவாள். வரவில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது. நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான் பெயர் சென்னியப்பன். நெல் வியாபாரி, நிதானமான மனுஷன். போன் செய்து, என்ன மச்சான், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டது குத்தமா என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "எதுக்குன்னு கேட்டது அவளுக்குச் சந்தோசம்தான் மாப்ள. அதுக்கப்புறம் ஊசி போட்டீங்க பாருங்க" என்றார். அவருக்கும் விஷயம் புரியவில்லை. ஊசி சோதனைக்குப் போட்டது. நான் சொன்னேன், அவளுக்குச் சத்தம் பழகிப்போச்சு, திடீர்னு இல்லைன்னதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, வயசானா அப்படித்தான், நான் பழைய சக்கரத்தையே மாட்டிடறேன்னு சொல்லுங்க என்று. அவர் போனை மூடிக்கொண்டு உள்ளே ஏதோ பேசினார். திரும்பி வந்து சொன்னார்.

"மாப்ள, அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. இத்தனை வருசம் அவ அந்தக் கதவுல நின்னு பேசினதுல, ஏதாவது ஒரே ஒரு பேச்சு, என்ன பேசினான்னு நீங்க சொல்லிட்டா வந்துடறாளாம். இப்ப அவ வாயால சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது கணக்குல வராது. அப்ப கேட்டதா இருக்கணும்."

சொல்லாவிட்டால்?

"இங்கயே இருந்துக்கறேன்கிறா. விளையாட்டுக்குச் சொல்றவ இல்லை, உங்களுக்குத் தெரியும்."

தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் இது. இந்தச் சக்கரத்தை அரிசி டிரம் மூடிமேல் எலி தள்ளாமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தாள், எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன். சத்தம் திரும்ப வந்துவிடும் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டாள். கண்ணால் பார்த்தால் நம்புவாள். நைலான் சக்கரத்தை எடுத்துவிட எனக்கு மனசே இல்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன. முகம் பார்க்கிற மாதிரி வேலை வருகிறது. இருந்தாலும் அவள் இல்லாமல் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வீடு அவ்வளவு அமைதி. ஓடினாலும் அமைதி, நின்றாலும் அமைதி. சமையலறைக் குழாய் சொட்டுகிற சொட்டு என் காதில் விழுகிறது. இந்த வாரத்தில் இரண்டு தடவை, கதவில் யாரோ நிற்பது மாதிரி இருந்து திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். யாரும் இல்லை.

ஏன் நிறுத்திவிட்டார்? ஓ, குண்டடம். டிரைவர் டீ குடிக்க இறங்குகிறார். நல்லது, இந்த இன்ஜின் நின்றால்தான் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டேதான் வருகிறேன். நீளப் பேச்சு எதுவும் நினைவில் இல்லை. கேட்டிருந்தால்தானே நினைவில் இருக்க. ஆனால் லேத் தொடங்கியதும் வந்து நின்று சொல்வாளே, அந்த ஒரு வார்த்தை. அது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் அதே வார்த்தைதான், வாய் ஒரே மாதிரிதான் போகும். முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள். என் கையைப் பார்த்துத்தான் சொல்வாள். இப்படிக் கதவில் ஒரு கை வைத்துக்கொண்டு, என் விரலையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை. நான் தலையாட்டிய பிறகுதான் போவாள். ஆட்டாவிட்டால் ஆட்டும்வரை நிற்பாள். அது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்.

என்ன சொன்னீர்கள்?

பத்திரமா?

'பத்திரம்' என்றா சொல்லியிருப்பாள்?

சேச்சே. இருக்காது. இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறவனிடம் யாராவது போய் அதைச் சொல்வார்களா? அதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சொல்வது. நான்தான் சொன்னேனே, வீதியிலேயே என் கை ஒன்றுதான் சுத்தம். ஒரு கீறல் பட்டதில்லை. இதுவா? இது போன செவ்வாய்க்கிழமை நடந்தது. சட்டைக் கையை மடித்துவிட மறந்துவிட்டேன், இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்கில் சிக்கிக்கொண்டது. ஒரு விரல்தான். பாதிதான் போயிற்று. அவள் ஊருக்குப் போயிருந்த சமயம், மனசு சரியில்லை, அதனால் நடந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'சாப்பிட வாங்க'ன்னுதான் இருக்கும். அதைத்தான் சொல்லப் போகிறேன். பெண்கள் வேறு என்ன சொல்வார்கள், ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள்.

கிளப்பிவிட்டார். அடுத்தது தாராபுரம்தானே? இறங்கும்போது இந்தச் சாக்கை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். இந்தக் கையால் பிடிக்க முடியவில்லை.